அம்மாவைப் பர்மாவுக்கு அழைத்துப் போகலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரையும் அங்கே உள்ள உறவினரையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியும், ஊர்ப் பெயரை விட்டும் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மா பர்மாவில் (இன்றைய மியான்மரில்) பிறந்தவர். 1965-இல், பன்னிரண்டு வயதில், பெற்றோருடன் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். தாத்தாவின் அரிசி மண்டியை அங்கிருந்த ராணுவ அரசு எடுத்துக்கொண்டது. அம்மாவின் அக்கா மட்டும் கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். அவர் காலமான பிறகு அவருடைய மகன், அதாவது வாசகிக்கு அண்ணன் முறை, மனைவியோடும் இருபத்து நாலு வயது மகனோடும் யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வெளியே ஒரு சிற்றூரில் வசிக்கிறார். "கண்ணை மூடறதுக்குள்ள ரங்கூன் காளியம்மனுக்கு ஒரு மாலை சாத்திட்டு, எங்கப்பா கடை இருந்த தெருவை ஒரு தரம் பார்த்துட்டு வந்துடணும்" என்று அம்மா சில வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வீட்டில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம். கல்லூரியில் படிக்கும் மகள், "நீ கட்டுற விசா காசுல குண்டு வாங்கிப் போடுவாங்கம்மா" என்கிறாள். தம்பியோ, "2013-ல கொழும்புக்கு டூர் போனவங்களை நீதானே அவ்வளவு திட்டினே, இப்ப நீயே கிளம்புறியா?" என்று கேட்கிறார். மண்ணடியில் விசாரித்த டிராவல்ஸ்காரர், "தேர்தலே முடிஞ்சிடுச்சு மேடம், எல்லாம் நார்மல்" என்றாராம். தம்பி மகன் யூடியூப் சேனல் நடத்துகிறான். கூடவே வந்து முழுப் பயணத்தையும் படம்பிடிக்க ஆசைப்படுகிறான். அண்ணன் வீட்டில் ஐந்து நாள் தங்குவதும், அவர்கள் கையில் கொஞ்சம் பணம் கொடுப்பதும், தாத்தா கடையின் பழைய பத்திரங்களை எடுத்துப்போய் விசாரிப்பதும் திட்டம். "இது சட்டப்படி தப்பா, தர்மப்படி தப்பா? ஏதாவது ஆனால் நம்ம தூதரகம் பார்த்துக்கொள்ளும்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

பாரிமுனையில் அலுவலகம் வைத்திருக்கும் எனக்குப் பர்மா ஒருநாளும் தூரத்து நாடாகத் தோன்றியதில்லை. சாயங்காலம் கோர்ட் முடிந்து கடற்கரை ஸ்டேஷன் பக்கம் நடந்தால், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸுக்கு முட்டைக்கோஸும் வெங்காயமும் சீவிக்கொண்டிருக்கும் கைகளில் பாதி, உங்கள் அம்மாவைப் போலக் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளுடையவை. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளையும் மண்டிகளையும் நாட்டுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தபோது கிளம்பி வந்த இந்தியர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். அவர்களில் பலருடைய நகைகளைத் துறைமுகத்திலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். உங்கள் மகள் எதிர்க்கும் அந்த ராணுவத்திடம் முதலில் ஏமாந்தவர்களில் உங்கள் பாட்டியும் தாத்தாவும் உண்டு. அதனால் அம்மாவின் ஆசையை உல்லாசப் பயணத்தோடு சேர்த்து எடை போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடிமகன் மியான்மருக்குப் போவதைத் தடுக்கும் இந்தியச் சட்டம் எதுவும் இல்லை. வெளிநாடு போவது தனிமனிதச் சுதந்திரத்தில் அடக்கம் என்று சத்வந்த் சிங் வழக்கில் 1967-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது; 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அதை இன்னும் விரிவாக உறுதி செய்தது. ஆனால் வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கைகளைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். 2024 பிப்ரவரியில் ரக்கைன் மாநிலத்துக்குப் போக வேண்டாம், இருப்பவர்களும் உடனே வெளியேறுங்கள் என்று அமைச்சகம் அறிவித்தது. எச்சரிக்கையை மீறிப் போவது குற்றமாகாது. ஆனால் பயணக் காப்பீட்டு பாலிசிகள் பலவற்றில் போர், உள்நாட்டுக் கலவரம் இரண்டுக்கும் விலக்கு உண்டு, அதாவது அவற்றால் வரும் இழப்புக்குப் பணம் கிடைக்காது. எழுபதைத் தாண்டிய அம்மாவோடு போகிறீர்கள். பாலிசியின் விலக்குப் பக்கத்தை வரி விடாமல் படித்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

டிராவல்ஸ்காரரின் "எல்லாம் நார்மல்" என்பதை ஏற்காதீர்கள். 2020 தேர்தலில் வென்ற ஆங் சான் சூ கீயை, புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்று காலை ராணுவம் கைது செய்தது. அவருடைய கட்சி மறுபதிவு செய்யவில்லை என்று 2023-இல் கலைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் தொடங்கிப் பல கட்டமாக நடந்த தேர்தல், அந்தக் கட்சியே இல்லாத தேர்தல். ராணுவத்துக்கும் எதிர்ப்புப் படைகளுக்கும் சண்டை நடக்கும் பல ஊர்களில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. யாங்கோன் நகரத்துக்குள் கடைத்தெரு திறந்திருக்கும், டாக்ஸி ஓடும், கோயிலில் மணி அடிக்கும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் நார்மல் என்றுதான் சொல்வார்.

உங்கள் மகளின் கேள்வி

பெண் கேட்பது நியாயமான கேள்வி. அதை "சின்னப் பொண்ணு, ஏதோ பேசுறா" என்று தள்ளிவிடாதீர்கள். இதே கேள்வி பர்மாவைப் பற்றித்தான் உலகத்தில் அதிகம் விவாதிக்கப்பட்டிருக்கிறது. 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அன்றைய ராணுவ அரசு அறிவித்தது. அதற்காக மாண்டலே அரண்மனையின் அகழியைத் தூர்வார மக்களைக் கூலியில்லாமல் பிடித்து வேலை வாங்கினார்கள். யாரும் இப்போது வராதீர்கள் என்று சூ கீயே கேட்டுக்கொண்டார். பல வருடங்கள் அந்தப் புறக்கணிப்பு நீடித்தது. 2010-இல் அவருடைய கட்சி அதைத் தளர்த்தி, பெரிய குழுக்களாக வரும் சுற்றுலாவைத் தவிர்த்து, தனியாக வந்து சாதாரண ஜனங்களோடு புழங்குகிறவர்கள் வரலாம் என்ற நிலைக்கு வந்தது. ஆக, போவதும் போகாமல் இருப்பதும் அந்த நாட்டு மக்களே காலத்துக்குத் தக்கபடி மாற்றிச் சொன்ன விஷயம்.

பணம் ராணுவத்துக்குப் போகிறதா? ஒரு பகுதி போகத்தான் செய்கிறது. விசாக் கட்டணம் அரசுக்கு. பழைய கோயில் நகரமான பகானுக்குப் போனால் நுழைவுக் கட்டணம் அரசுக்கு. மியான்மர் நேஷனல் ஏர்லைன்ஸ் அரசின் விமானம். எம்இஎச்எல், எம்இசி என்ற இரண்டு பெரும் குழுமங்கள் ராணுவத்தின் கையில் இருப்பதையும், வங்கியிலிருந்து பீர் வரை அவற்றின் கை நீள்வதையும் ஐநா உண்மை அறியும் குழு 2019 அறிக்கையில் பட்டியல் போட்டுக் காட்டியது. மைடெல் சிம் கார்டு வாங்கினால் அந்தக் காசிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

டாலர் மாற்றும்போதும் பணம் அப்படிப் போகிறது, அது பலருக்குத் தெரியாது. 2022 ஆகஸ்டில் ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று மத்திய வங்கி நிர்ணயித்தது. வெளியில் அதன் மதிப்பு இரண்டு மடங்கானது. அரசு விலைக்கு மாற்றும் ஒவ்வொரு டாலரிலும் அந்த வித்தியாசம் உங்கள் கையை விட்டுப் போகிறது. அதற்காகத் தெருவில் மாற்றச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது அங்கே குற்றம். மாற்றிக் கொடுத்தவர் உங்களுக்கு முன்னால் உள்ளே போவார். குறைவாக மாற்றுங்கள். கொண்டுபோகும் டாலர் நோட்டு மடிப்பும் கறையும் இல்லாமல் புதிதாக இருக்கட்டும். நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தாலும் வாங்க மறுப்பார்கள்.

இயற்கை எரிவாயுவைத் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் விற்று அந்த அரசு ஈட்டும் தொகைக்கு முன்னால் இரண்டு பெண்கள் கட்டும் விசாக் கட்டணம் ஒன்றுமே இல்லை என்று உங்கள் மகளுக்கு நீங்கள் பதில் சொல்லலாம். சொல்லாதீர்கள் என்பேன். சின்னத் தொகை என்பதால் அது நல்ல தொகை ஆகிவிடாது. அதற்குப் பதில், போனால் எதை வாங்கமாட்டோம், எங்கே தங்கமாட்டோம், எந்த விமானத்தில் ஏறமாட்டோம் என்று அவளையே உட்காரவைத்து ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். குடும்பம் நடத்தும் சின்ன விடுதி, டீக்கடை, கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, டாக்ஸிக்காரர் என்று உங்கள் செலவில் பெரும்பகுதி ஜனங்கள் கைக்கே போகும்படி அவள் பார்த்துக்கொள்வாள்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. 2013-இல் சென்னையில் இலங்கை வீரர்கள் ஐபிஎல் ஆடவே முடியாத அளவுக்கு நம் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் தாய்மாமனைப் பார்க்கப் போனவரை யாரும் குறை சொல்லவில்லை. மக்களாட்சி இல்லாத வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் எழுந்து நிற்கின்றன. பிழைக்கப் போவதும், ரத்த உறவைப் பார்க்கப் போவதும், கடற்கரையில் ஓய்வெடுக்கப் போவதும் ஒன்றல்ல. உங்கள் பயணம் இரண்டாவது வகை.

அண்ணன் வீட்டு வாசல்

இத்தனை நேரம் பணத்தைப் பற்றிப் பேசினோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. "அண்ணன் வீட்டில் ஐந்து நாள் தங்குவோம்" என்ற ஒரு வரி.

வெளிநாட்டவர் அங்கே உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. அதற்கு மேல், வீட்டில் இரவு தங்கும் விருந்தாளி யாராக இருந்தாலும் வார்டு நிர்வாகியிடம் போய்ப் பதிய வேண்டும். 2016-இல் அன்றைய நாடாளுமன்றம் இந்தக் கடமையை நீக்கியது. 2021 பிப்ரவரியில், ஆட்சியைப் பிடித்த சில நாட்களிலேயே, ராணுவம் முதலில் திரும்பக் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று. பதிவுப் புத்தகத்தைச் சரிபார்க்க நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். பிரிட்டனின் முன்னாள் தூதர் விக்கி போமன், அவருடைய பர்மியக் கணவர் இருவரும் 2022-இல் சிறைக்குப் போனது, பதிவு செய்த முகவரியில் இல்லாமல் வேறு வீட்டில் தங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில்தான். ஒரு தூதருக்கே இது நடந்தது என்றால் உங்கள் அண்ணனின் நிலையை யோசியுங்கள்.

அந்த வீட்டில் இருபத்து நாலு வயதுப் பையன் இருக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2010-இல் எழுதி வைத்திருந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 18 முதல் 35 வயது வரை உள்ள ஆண்களை அழைக்கலாம். பையன் வீட்டில் இருக்கிறானா, வேறு ஊரில் ஒதுங்கியிருக்கிறானா, காசு கொடுத்துப் பெயரைத் தள்ளிப் போட்டிருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. தொலைபேசியில் அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தியாவிலிருந்து விருந்தாளி வந்தால் தெருவே பார்க்கும். ஐந்தாம் நாள் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். ஆறாம் நாள் வார்டு ஆபீசில் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணன்.

தம்பி மகன் வருவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மியான்மர் தண்டனைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்து நம் பழைய தண்டனைச் சட்டத்தின் உடன்பிறப்பு. பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் அதேதான். அதில் 2021 பிப்ரவரியில் 505ஏ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: அச்சத்தையோ பொய்ச் செய்தியையோ பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டதற்கெல்லாம் இந்தப் பிரிவு பாய்ந்திருக்கிறது. உங்கள் தம்பி மகன் சென்னைக்கு வந்து வீடியோ போடுவான். அதில் அண்ணி சோறு பரிமாறிக்கொண்டே அரிசி விலையைப் பற்றி, கரண்ட் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். நமக்கு அது சுவாரசியமான காட்சி. அவருக்கு அது வழக்கு. முகத்தை மங்கலாக்கினாலும் வாசலையும் சுவரையும் பார்த்தே தெரு தெரிந்துவிடும். ட்ரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2019-இல் ஒரு பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணி நாடாளுமன்றத்தின் பக்கம் ட்ரோன் பறக்கவிட்டுக் கைதானது சூ கீ ஆட்சிக் காலத்திலேயே. அம்மாவின் பர்மா நினைவுகளை அவன் பதிவு செய்யட்டும். வியாசர்பாடி வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் செய்யட்டும். அங்கே இருக்கும் அண்ணன் பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடட்டும்.

பிறகு, அண்ணனிடம் எப்படிக் கேட்பது? "நாங்க வரலாமா?" என்று நேராகக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? "வாங்க தங்கச்சி, சித்தியைக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். அம்மாவின் தங்கையை வர வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் நாக்கு எழாது. ஆகவே மறுப்பதற்கு அவர் கையில் ஒரு காரணத்தை நீங்களே கொடுங்கள். "சித்திக்கு முட்டி வலி, இந்த வருஷம் வேணாம், அப்புறம் பார்த்துக்கலாமான்னு யோசிக்கிறோம், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேளுங்கள். "ஆமா, உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று அவர் உடனே பிடித்துக்கொண்டால், அது வேண்டாம் என்ற பதில். மேற்கொண்டு வற்புறுத்தாதீர்கள். அரசியல், ராணுவம், பையன் என்ற பேச்சைத் தொலைபேசியில் எடுக்கவே எடுக்காதீர்கள். செக்போஸ்ட்டில் அவருடைய போனை வாங்கிச் சோதிப்பது அங்கே சாதாரணம்.

தூதரகம், பணம், பத்திரம்

யாங்கோனில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. நீங்கள் கைதானால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவில் உண்டு. அவர்கள் வந்து பார்ப்பார்கள், வக்கீல் ஏற்பாடு செய்ய உதவுவார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள். வழக்கை நிறுத்தவோ ஜாமீன் வாங்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 2016-இல் மாண்டலேயில் பக்கத்து மண்டபத்துப் பிரசங்க ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கிய டச்சுப் பயணிக்கு மூன்று மாதச் சிறை விழுந்தது. அவர் நாட்டுத் தூதரகத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. உங்களுக்காவது கேட்க ஒரு தூதரகம் உண்டு. உங்கள் அண்ணன் அந்த நாட்டுப் பிரஜை. அவருக்காக நம் தூதரகம் வாயைத் திறக்க முடியாது.

பணம் கொடுக்க ஆசைப்படுவது இயல்பு. உண்டியல் (ஹவாலா) வழியாக அனுப்புவது இங்கே அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம், அங்கேயும் கைது செய்கிறார்கள். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துப் போகலாம். வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றுநரிடமோ வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும். வங்கி வழியாக அனுப்ப நினைத்தால் கேள்விகள் நிறைய வரும், ஏனென்றால் பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2022 அக்டோபரில் மியான்மரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது.

தாத்தா கடையின் பத்திரங்களை எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டவர் நிலம், கட்டடம் வைத்திருப்பதை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தடுக்கிறது. 1964-இல் எடுத்துக்கொண்ட சொத்தை ஒரு பேரப்பிள்ளை சுற்றுலா விசாவில் போய்க் கேட்டு வாங்கும் வழி எதுவும் இல்லை. அரசாங்க ஆபீசில் பழைய காகிதத்தை நீட்டினால், எதற்கு வந்தீர்கள் என்ற விசாரணைதான் தொடங்கும். அவற்றை இங்கே நல்ல முறையில் ஸ்கேன் செய்து, அசலைப் பூச்சி அரிக்காமல் வையுங்கள்.

என் அபிப்பிராயம்

அண்ணன் குடும்பத்தை இங்கே அழைப்பதைப் பற்றி நீங்கள் யோசிக்கவே இல்லை. உங்கள் பயணச் செலவு இரண்டு பேர் வந்து போகப் போதும். பையனால் வர முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயது ஆண்கள் வெளியேறுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் வர முடியலாம். சித்தி வீட்டில் பத்து நாள் தங்குவார்கள், மனம்விட்டுப் பேசுவார்கள், கையில் பணமாகக் கொடுக்க நினைத்ததை மருந்தாக, கண்ணாடியாக, துணிமணியாகக் கொடுத்தனுப்பலாம். உறவைப் பார்ப்பதற்கு இதுவே நல்ல வழி என்பேன். பாங்காக்கில் சந்திப்பது அடுத்த வழி.

ஆனால் அம்மா கேட்பது உறவை மட்டும் இல்லையே. காளியம்மனையும் அந்தத் தெருவையும் இங்கே கொண்டுவர முடியாது. அனவ்ரதா சாலையில் இருக்கும் அந்தக் கோயில் 1871-இல் தமிழர்கள் கட்டியது. நகரின் நடுவில் இருக்கிறது, பக்தர் கூட்டத்தில் இருவர் மாலையோடு நிற்பதை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. ஆகவே, அமைச்சகத்தின் எச்சரிக்கை யாங்கோனைத் தொடாத நேரமாகப் பார்த்து, நீங்களும் அம்மாவும் மட்டும், நான்கைந்து நாள், யாங்கோனுக்கு உள்ளேயே, விடுதியில் தங்கிப் போய் வருவதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் சரி என்றால், அவரே சொல்லும் இடத்தில், கோயிலிலோ ஒரு சாப்பாட்டுக் கடையிலோ பகலில் சந்தியுங்கள். வேண்டாம் என்றால், அதே நகரத்துக்குப் போயும் அக்கா மகனைப் பார்க்காமல் அம்மாவால் திரும்ப முடியுமா என்று முதலில் அம்மாவிடமே பேசுங்கள். முடியாது என்று அவர் அழுதால், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அங்கே போன பிறகு மனம் தாங்காமல் டாக்ஸி பிடித்து அந்த ஊருக்குக் கிளம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து.

போவதென்று முடிவானால், விசா விண்ணப்பத்தில் அம்மா பிறந்த ஊரை உள்ளபடி எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் அதுதான் இருக்கிறது. போனில் உள்ள பர்மா அரசியல் செய்திகள், படங்கள், குழுக்கள் எல்லாவற்றையும் கிளம்பும் முன் நீக்குங்கள். இன்னும் நல்லது, வேறு ஒரு சாதாரண போனை எடுத்துப் போவது. அம்மாவின் தூக்க மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட், விசா, விடுதி முகவரியின் நகல் ஒன்றை மகளிடம் கொடுத்து, தினமும் ராத்திரி எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு நாள் குரல் வரவில்லை என்றால் யாங்கோன் தூதரகத்தின் அவசர எண்ணுக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அவள்தான் பேச வேண்டியிருக்கும். அந்த இரண்டு எண்களையும் இப்போதே எடுத்துச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.